புள்ளி ஒன்று, மாவு வேறு

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், பிற்பகல் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுவாக்கில் வந்த வார்த்தைகள் பலவற்றை அப்படியே விட்டிருக்கிறேன்.)



வடை பாயசத்துக்குப் பிறகு ஒருவனைப் பேசச் சொல்வது அவனுக்குத் தண்டனையா, கேட்பவர்களுக்குத் தண்டனையா என்று தெரியவில்லை. ஆனால் இந்தப் பேச்சு நானாகக் கேட்டு வாங்கியது. போன வருடச் சந்திப்பின் வீடியோ பற்றிச் செயற்குழுவில் ஒரு சண்டை வந்தது. அந்தச் சண்டையைத் தீர்ப்பதாகச் சொல்லித்தான் எழுந்தேன். தீர்க்கும்போது என்னுடைய பழைய பாவம் ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது கடைசியில் வரும்.

முதலில் சண்டை. வீடியோ எடுத்தவர் ஒரு பென் டிரைவில் இரண்டு ஃபைல் கொடுத்தார். ஒன்று இந்த அரங்கில் நடந்த பேச்சுகள். மற்றது சாயங்காலம் எல்லோரும் குடும்பத்தோடு கடற்கரைச் சாலைக்குப் போய், காந்தி சிலையருகே நின்று, பாறை மேல் அலை அடிப்பதைப் பார்த்தது. இரண்டும் ஒரு மணி நேரம். இரண்டுக்கும் ரெசல்யூஷன் 1920க்கு 1080. ஆனால் அரங்கு 900 எம்.பி., கடற்கரை 4.5 ஜி.பி. நம் பொருளாளர் கணக்கில் கெட்டி என்பது உங்களுக்குத் தெரியும். "ஒரே காசு கொடுத்தோம், ஒரே அளவு என்கிறார், ஒன்று இன்னொன்றில் அஞ்சில் ஒரு பங்குதான் இருக்கு. அரங்குப் படத்தை மட்டமாகப் போட்டு ஏமாத்திட்டாரா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில்: ஏமாற்றவில்லை. அவர் மேல் சந்தேகப்பட்டதற்கு நாம்தான் வருத்தம் தெரிவிக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

மார்கழியில் வாசலில் கோலம் போடுகிறார்கள். பதினைந்து புள்ளி, பதினைந்து வரிசை. ஒரு வீட்டில் அவசரமாக நான்கு கோடு இழுத்து முடித்துவிடுவார்கள். எதிர்வீட்டில் அதே புள்ளிக்குள் சிக்குக் கோலம் போட்டு, நடுவில் தாமரை வைத்து, மூலைக்கு ஒரு விளக்கு வைப்பார்கள். இரண்டும் பதினைந்து புள்ளிக் கோலம்தான். ஆகிற மாவு ஒன்றா? 1920க்கு 1080 என்பது புள்ளிக் கணக்கு. ஃபைலின் எடை என்பது செலவான மாவு. புள்ளியைச் சொன்னால் மாவைச் சொன்னதாக ஆகாது. நாம் எல்லோரும் செய்கிற தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கோலத்தை விட்டுவிட்டுக் கணக்குக்கு வருவோம். இயற்பியல்காரன் கணக்கில்லாமல் பேசினால் முன்வரிசையில் இருப்பவர்கள் மன்னிக்க மாட்டார்கள். 1920ஐ 1080ஆல் பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண். ஒரு படத்துக்கு 62 லட்சத்துச் சொச்சம் பைட். வினாடிக்கு 25 படம். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 560 ஜி.பி. வருகிறது. நம் கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் நுணுக்கமாகத் தெரியும், நிற வித்தியாசம் அவ்வளவு நுணுக்கமாகத் தெரியாது. அதனால் நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒன்றாக எழுதினால் போதும் என்று ஆரம்பத்திலேயே பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். அப்படியும் 280 ஜி.பி. நம் பென் டிரைவில் வந்ததோ 900 எம்.பி.யும் 4.5 ஜி.பி.யும். அதாவது ஒன்று முந்நூறில் ஒரு பங்கு, மற்றது அறுபதில் ஒரு பங்கு. ஆக, இரண்டிலுமே பெரும்பகுதி எழுதப்படவே இல்லை. எழுதாமல் விட்டதை எப்படி விட்டார்கள் என்பதுதான் விஷயம்.

நம் வகுப்பு வருகைப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். அறுபது பேர் வகுப்பு. மாதத்தின் முதல் நாள் பெயரெல்லாம் வரிசையாக எழுதியாகிவிட்டது. இரண்டாம் நாளிலிருந்து அலுவலகத்துக்கு என்ன சீட்டு போகும்? "வராதவர்கள்: 7, 23, 41." அவ்வளவுதான். வந்த ஐம்பத்தேழு பேர் பெயரை எழுத மாட்டார்கள். வீடியோவும் இதையேதான் செய்கிறது. முதலில் ஒரு படத்தை முழுசாக எழுதும். அடுத்த படத்தில் "மாறியது இது, இது மட்டும்" என்று எழுதும். இந்த அரங்கில் முக்காலியில் கேமராவை நிறுத்தி எடுத்தார்கள். பின்னால் திரை, பக்கத்தில் குத்துவிளக்கு, மேசை மேல் சால்வை. ஒரு மணி நேரமும் அவை அசையவில்லை. தலைவர் கை அசைந்தது, வாய் அசைந்தது. சீட்டில் எழுத நாலே நாலு வரிதான். (தலைவர் அவர்கள் மன்னிக்கணும். பேச்சில் விஷயம் இல்லை என்று சொல்லவில்லை, அசைவு இல்லை என்றுதான் சொல்கிறேன்.)

கடற்கரையில் கதை வேறு. கேமரா கையில் இருந்தது. அலை ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. நுரை கலைந்துகொண்டே இருக்கிறது. பெண்டாட்டி பிள்ளைகளோடு நூறு பேர் குறுக்கே நடக்கிறார்கள். ஸ்டிரைக் நாளில் வருகைப் பதிவேடு எப்படி இருக்கும்? அறுபது பேரில் ஐம்பத்தெட்டு எண்ணை எழுத வேண்டும். அந்த மாதிரி.

அசைவது எல்லாம் மாவைத் தின்னும் என்று நினைத்துவிடாதீர்கள். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடிப்பார், இப்போது துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். அத்தனை பெரிய தேர் அசைந்து வருவதை எழுதுவது சுலபம். "நேற்று எழுதிய தேரே, மூன்று புள்ளி வலப்பக்கம் தள்ளி வைத்துக்கொள்" என்று சொன்னால் முடிந்தது. தேர் உருமாறவில்லை, இடம்தான் மாறியது. ஆனால் மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமி தீர்த்தவாரிக்கு வரும்போது எடுத்துப் பாருங்கள். அலை, கூட்டம், தண்ணீர்த் திவலை, பூ. எதையும் "நகர்த்தி வைத்துக்கொள்" என்று சொல்ல முடியாது. புதிதாகத்தான் எழுத வேண்டும். ஜூலை 14 வாணவேடிக்கையும் அப்படித்தான். சின்னதாகத் தெரிகிற மத்தாப்புப் பொறி பெரிய தேரைவிட அதிக இடம் பிடிக்கும்.

இது படத்துக்கும் படத்துக்கும் நடுவே செய்கிற சிக்கனம். ஒரே படத்துக்குள்ளேயும் ஒரு சிக்கனம் இருக்கிறது. அதில்தான் நம் ஊர்க்காரர்கள் வருகிறார்கள்.

ஃபூரியே என்று ஒரு பிரெஞ்சுக்காரர். நெப்போலியனோடு எகிப்துக்குப் போனவர். வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று 1822-இல் ஒரு புத்தகம் போட்டார். எப்படிப்பட்ட கோணல் வளைவையும் சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதலாம் என்பது அவர் வழி. பி.எஸ்சி.யில் அதை மனப்பாடம் செய்து, எதற்கு என்று தெரியாமலே மதிப்பெண் வாங்கியவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறோம். இதுக்குத்தான்.

நசீர் அகமது பெங்களூரில் 1940-இல் பிறந்தவர். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். படத்தைச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதினால் ரொம்ப இடம் மிச்சமாகும் என்று அவருக்குத் தோன்றியது. 1972-இல் அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு எழுதினார். கிடைக்கவில்லை. மதிப்பிட்டவர்களில் ஒருவர், யோசனை ரொம்பவும் எளிமையாக இருக்கிறது என்று கருத்து எழுதினாராம். 1973 கோடை விடுமுறையில் சம்பளம் இல்லாமலே உட்கார்ந்து வேலையை முடித்தார். அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ், இவர்களோடு சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரை வந்தது. ராவ் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். இன்று நீங்கள் கைபேசியில் பார்க்கிற புகைப்படம், டி.வி., டி.வி.டி., யூடியூப் எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கட்டுரையின் வழிதான் ஓடுகிறது. எளிமையாக இருக்கிறதாம்!

வழி இதுதான். எட்டுக்கு எட்டு, அறுபத்துநாலு புள்ளி கொண்ட ஒரு கட்டம். அதில் அறுபத்துநாலு எண். அதை மாற்றி எழுதினாலும் அறுபத்துநாலு எண்தான் வரும், ஒன்றும் குறையாது. ஆனால் மாற்றிய பிறகு முதல் எண் அந்தக் கட்டத்தின் மொத்த வெளிச்சத்தைச் சொல்லும். அடுத்த சில எண்கள் மெதுவாக ஏறி இறங்கும் நிழலைச் சொல்லும். கடைசியில் இருப்பவை மெல்லிய கோடு, புல் நுனி, புடவை நெய்சல் போன்ற நுணுக்கங்களைச் சொல்லும். வெறும் சுவர் என்றால் முதல் எண் தவிர மற்றதெல்லாம் பூஜ்யம். பூஜ்யத்தை எழுத இடம் வேண்டாம்.

இதுவரைக்கும் நஷ்டம் எதுவும் இல்லை. நஷ்டம் வருவது அடுத்த படியில். மளிகைக் கடையில் நூற்று மூன்று ரூபாய் ஆனால் "நூறு குடுங்க சார்" என்பார்களே, அந்தக் கணக்கு. ஒவ்வொரு எண்ணையும் ஒரு படியால் வகுத்து, அருகில் உள்ள முழு எண்ணாக்குகிறார்கள். படி 16 என்று வையுங்கள். 160 என்ற எண் 10 ஆகும், திரும்பப் பெருக்கினால் 160 கிடைத்துவிடும். 3 என்ற எண்ணோ 16-இல் பூஜ்யம். திரும்பப் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அந்த மூன்று போனது போனதுதான். பெரிய எண்கள் பிழைக்கும், சின்ன எண்கள் சாகும். முகம் பிழைக்கும், முகத்தில் இருக்கிற அம்மைத் தழும்பு சாகும். படியைச் சிறிதாக வைத்தால் ஃபைல் பெருக்கும், படியைப் பெரிதாக வைத்தால் ஃபைல் இளைக்கும். புள்ளிக் கணக்கு இரண்டிலும் ஒன்றே. ஃபைலின் விவரத்தைத் திறந்து பார்த்தால் 1920க்கு 1080 என்றுதான் இருக்கும். எவ்வளவு வழித்து எறிந்தார்கள் என்று அது சொல்லாது.

ஆக, எடை குறைவதற்கு இரண்டு காரணம். ஒன்று, எழுதுவதற்கே விஷயம் கம்மி. நம் அரங்குப் படம் அந்த வகை. வீடியோக்காரர் இரண்டுக்கும் ஒரே தரம் கேட்டு வாங்கியிருக்கிறார், அதனால் எடை மாறியது. மற்றது, விஷயம் இருந்தும் வழித்துப் போட்டது. வெறும் எடையைப் பார்த்து எது எது என்று சொல்லிவிட முடியாது.

இதற்கு நேர் எதிர் வழியும் உண்டு. எடையைக் கட்டிப்போட்டுவிட்டுத் தரத்தை ஆட விடுவது. வீடியோ சிடி ஞாபகம் இருக்கிறதா? 1993-இல் வந்த தரம். நம் ஊருக்கு வர இன்னும் சில வருடம் ஆனது. 352க்கு 288 புள்ளி. படத்துக்கு வினாடிக்கு 11,50,000 பிட், கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஒரு சிடியில் 74 நிமிடம். அதனால்தான் தமிழ்ப் படம் இரண்டு சிடி, மூன்று சிடி என்று வந்தது, சரியாக முக்கியமான கட்டத்தில் எழுந்து போய் சிடி மாற்றினோம். கதாநாயகனும் அம்மாவும் உட்கார்ந்து பேசுகிற காட்சி நன்றாகத் தெரியும். சண்டை வந்தால், மழைப் பாட்டு வந்தால், திரையெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறும். பிளேயர் கெட்டுப்போச்சு என்று தட்டினோம். கெட்டுப்போகவில்லை. அந்த வினாடிக்கு அளந்து போட்ட மாவு போதவில்லை. நீங்கள் பார்த்த அந்தக் கட்டங்கள் நான் சொன்ன எட்டுக்கு எட்டுதான்.

டி.வி.டி. வந்தபோது இதைச் சரிசெய்தார்கள். கேள்வித்தாளை வாங்கியதும் ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டு, இரண்டு மதிப்பெண் கேள்விக்குக் கொஞ்ச நேரம், பத்து மதிப்பெண் கேள்விக்கு நிறைய நேரம் என்று பிரித்துக்கொள்ளச் சொல்வார்களே. படத்தை முதல் தடவை முழுக்க ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு, இரண்டாம் தடவை அந்த மாதிரிப் பிரித்து எழுதுகிறார்கள்.

எழுதுகிற மொழியும் வருடத்துக்கு வருடம் தேறிக்கொண்டே வருகிறது. கல்யாணத்துக்கு வாழ்த்துத் தந்தி கொடுப்போம். வாசகத்தை முழுக்க எழுத மாட்டோம், தபால் ஆபீசில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்து எண்ணை மட்டும் எழுதுவோம். அந்தப் பக்கம் அதே பட்டியல் இருப்பதால் முழு வாசகமாகப் போய்ச் சேரும். 2013 ஜூலையோடு தந்தி போய்விட்டது, சூத்திரம் இருக்கிறது. எழுதுகிறவனிடமும் படிக்கிறவனிடமும் எவ்வளவு கெட்டிக்காரத்தனமான பட்டியல் இருக்கிறதோ அவ்வளவு குறைவாக எழுதினால் போதும். டி.வி.டி.யின் எம்பெக்-2, பிறகு 2003-இல் எச்.264, 2013-இல் எச்.265 என்று அதே தரத்துக்குத் தலைமுறைக்குப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். உங்கள் கைபேசியும் உங்கள் பிள்ளையின் கைபேசியும் ஒரே அளவில் எடுத்த படம் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு எடை வித்தியாசம் காட்டினால், பெரும்பாலும் இதுதான் காரணம். ஒலியும் எடை சேர்க்கும். சுருக்காத ஒலி மணிக்கு 690 எம்.பி., சுருக்கினால் 60 எம்.பி.க்குள் அடங்கும். நம் அரங்குப் படத்தில் ஒலியைச் சுருக்காமல் விட்டிருந்தால், ஃபைலில் கிட்டத்தட்டப் பாதி தலைவரின் குரலாகவே இருந்திருக்கும்.

இன்னொரு வேடிக்கை. எடை கூடினால் தரம் கூட என்று நினைப்போம். இருட்டில் எடுத்த படத்தைப் பாருங்கள், மணல் கொட்டியதுபோல் புள்ளி புள்ளியாக நெளியும். அந்த மணல் ஒவ்வொரு படத்திலும் வேறு மாதிரி நெளிகிறது. அதைப் படம் என்று நினைத்து மெஷின் மெனக்கெட்டு எழுதும். பார்க்க அசிங்கமான படம், ஃபைல் பெரிசு. இன்னும் மோசம், பழைய வீடியோ சிடியை 1920க்கு 1080 ஆக இழுத்துப் பெரிசாக்கி "எச்.டி." என்று எழுதி விற்பது. புள்ளி வைத்திருக்கிறார்கள், கோலம் அங்கே இல்லை.

இப்போது என் பாவத்துக்கு வருகிறேன்.

நம் இயற்பியல் சார் 1996-இல் ஓய்வு பெற்றார். நாங்கள்தான் அவர் பாடம் நடத்திய கடைசி வகுப்பு. அந்தக் கடைசி வகுப்பை ஆள் வைத்து வி.எச்.எஸ்.ஸில் எடுத்தோம். ஒரு மணி நேரம். முடிக்கும்போது சார் பலகையின் வலது ஓரத்தில் ஏழு புத்தகங்களின் பெயரை எழுதினார். "பரீட்சைக்கு இல்லை. வேலைக்குப் போன பிறகு, சம்பளத்தில் வாங்கிப் படியுங்கள்" என்றார். கேமராக்காரர் நல்ல மனுஷர், பலகைக்குக் கிட்டே போய் எடுத்தார். மூன்று கேசட் போட்டோம்.

சங்கத்துக்கு வந்த கேசட்டில் நம் கடற்காற்றுக்குப் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தது. 2005-இல், பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பர் ஒருவர் பூஞ்சையைப் பொறுமையாகத் துடைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார். (அங்கிருந்து வரும் கல்யாணக் கேசட்டெல்லாம் நம் வீட்டு வி.சி.ஆரில் கறுப்பு வெள்ளையாகத் தெரியுமே, பிரான்சின் செகாமுக்கும் நம் பாலுக்கும் உள்ள தகராறு. அதில் அடிபட்டுத் தேறியவர் அவர்.) டி.வி. என்ற முறையில் ஏற்றினார். 720க்கு 576 புள்ளி. அந்த முறையில் வருகைப் பதிவேட்டுச் சிக்கனமே கிடையாது. ஒவ்வொரு படத்தையும் முழுசாக எழுதும். அலையானாலும் சுவரானாலும் மணிக்கு 13 ஜி.பி. நான் அதைப் பார்த்தேன். ஏழு பெயரும் படிக்க முடிந்தது. படித்தேன். எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அதான் ஃபைல் இருக்கிறதே!

அந்த வருடச் சந்திப்பில் எல்லோருக்கும் ஆளுக்கொரு சிடி கொடுக்க ஆசைப்பட்டோம். சிடியில் 700 எம்.பி.தான் கொள்ளும். நான்தான் உட்கார்ந்து சுருக்கினேன். படத்துக்கு வினாடிக்குப் பத்து லட்சம் பிட், குரலுக்கு 1,28,000 பிட். 500 எம்.பி. வந்தது. ஓட்டிப் பார்த்தோம், சார் முகம் தெரிந்தது, குரல் கணீரென்று இருந்தது. சங்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தது 80 ஜி.பி. டிஸ்க். உறுப்பினர் பட்டியல், கணக்கு, புகைப்படம் எல்லாம் அதில்தான். இந்த 13 ஜி.பி. எதற்கு என்று கேட்டார்கள். நான் இரண்டு ஃபைலின் விவரத்தையும் திறந்து காட்டினேன். "பாருங்க, அதுவும் 720க்கு 576, இதுவும் 720க்கு 576. அளவு ஒண்ணுதான், அதனால் தரமும் ஒண்ணுதான்" என்றேன். இயற்பியல் படித்தவன் சொன்னால் நம்ப மாட்டார்களா? பெரிய ஃபைலை அழித்தோம். பூஞ்சைக் கேசட்டையும் எறிந்தோம். சாரிடம் இருந்த கேசட் 2011 டிசம்பர் 30 தானே புயலில் வீட்டுக்குள் வந்த தண்ணீரில் போனது. சார் 2019-இல் மறைந்தார்.

இந்த வருடம் கல்லூரி நூலகத்தில் சார் பெயரில் ஓர் அலமாரி வைப்பதென்று செயற்குழு முடிவு செய்தது. முதலில் அந்த ஏழு புத்தகத்தை வைப்போம் என்று நான்தான் சொன்னேன். வீட்டுக்குப் போய் சிடியைப் போட்டேன்.

சார் தெரிகிறார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொள்வது தெரிகிறது. பலகை தெரிகிறது, வலது ஓரத்தில் ஏழு வரி இருப்பது தெரிகிறது. எழுத்து இல்லை. சாம்பல் நிறத்தில் ஏழு கோடு, பஞ்சால் துடைத்தது மாதிரி. சரியாகத் துடைக்காத பலகையில் மெல்லிசான சாக்பீஸ் கோடு, பூசினாற்போல் வெளுப்பு. அந்த அறுபத்துநாலு எண்ணில் அது கடைசியில் இருக்கிற மூன்றும் நாலும்தான். நான் வைத்த படியில் எல்லாம் பூஜ்யம். குரல் கைகொடுக்குமா என்று கேட்டேன். ஆங்கிலப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லாமல், முதுகைக் காட்டிக்கொண்டு எழுதுகிறார். சாக்பீஸ் தட்டுகிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

இளைய உறுப்பினர் ஒருவர், செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டால் தெளிவாகும் என்று நல்ல மனதோடு செய்து கொடுத்தார். எழுத்து பளிச்சென்று வந்தது. ஆனால் எந்த மொழி எழுத்தும் இல்லை அது. பூஜ்யமாய்ப் போனதை எந்த மெஷினும் திருப்பித் தராது, பொருத்தமாகத் தோன்றுவதை அது வரைந்து தரும். அதை நம்பி நான் எந்தப் புத்தகத்தை வாங்குவது?

இங்கே செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1955-இல் தொடங்கியது. ஓலைச்சுவடிகளைப் பார்த்துக் காகிதத்தில் படியெடுக்கும் வேலை அங்கே நிறைய நடந்தது. படியெடுத்தாயிற்று என்று ஓலையை யாரும் அடுப்பில் போடவில்லை. நம் ஊர்ச் சைவ ஆகமச் சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதே 2005-இல், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து நான் எங்கள் ஓலையை அழித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் பொருளாளருக்கு என் வேண்டுகோள். வீடியோக்காரர் கொடுத்த 4.5 ஜி.பி.யையும் 900 எம்.பி.யையும் அப்படியே வைப்போம். அவரிடம் கேமராவில் எடுத்த மூல ஃபைல் இன்னும் இருந்தால், தனி டிஸ்க் வாங்கிக் கொடுத்து அதையும் கேட்போம். இன்றைய விலையில் அது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான். இரண்டு டிஸ்க், இரண்டு பேர் வீட்டில். ஒன்று கடலை விட்டுத் தள்ளி இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு எத்தனை வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளுங்கள். மூலத்தை அனுப்ப வேண்டியிருந்தால் வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், அப்போது அது படத்தைத் தொடாது. சுருக்கியதை எடுத்து இன்னொரு தடவை சுருக்காதீர்கள். படிக்குப் படி எடுத்தால் பாடபேதம் வளரும்.

ஏழில் மூன்று கிடைத்துவிட்டது. ஃபெயின்மனின் விரிவுரைகள் இருந்தது என்று நான்கு பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். ஜார்ஜ் காமாவின் 'ஒன் டூ த்ரீ இன்ஃபினிட்டி' எனக்கே ஞாபகம் இருக்கிறது. மு.வ.வின் 'தம்பிக்கு' கடைசி வரியில் இருந்தது, தமிழ்ப் புத்தகம் அது ஒன்றுதான் என்பதால் பலருக்கும் நினைவிருக்கிறது. மற்ற நான்கும் தெரியவில்லை.

மூன்றாவது கேசட் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. யாரோ ஒருவர் "பார்த்துட்டுத் தர்றேன்" என்று வாங்கிப் போனார். அவர் இந்த அரங்கில் இருக்கலாம், அல்லது இந்த மலரைப் படிக்கலாம். கோபமே இல்லை, கையைப் பிடித்துக்கொள்ளத்தான் தேடுகிறேன். பரணில், பழைய சூட்கேசில், டி.வி. மேசையின் கீழ் அறையில் பாருங்கள். கிடைத்தால் தூசு தட்ட வேண்டாம், வி.சி.ஆரில் போட்டுப் பார்க்க வேண்டவே வேண்டாம், பூஞ்சை இருந்தால் டேப் ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். கேசட் இல்லாவிட்டால் 1996 வகுப்பு நோட்டு. ஏழையும் யாராவது எழுதியிருப்பீர்கள், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

நூலக அலமாரிக்கு அளவு எடுத்தாகிவிட்டது. தச்சர் அடுத்த வாரம் வருகிறார்.